உரோமம்: நான்கு கட்டத்துக்குள் ஒரு காற்றுப் போர்வை

"குறுக்கெழுத்துப் புதிரில் பாலூட்டிகளின் உடற்போர்வை, நான்கு எழுத்து என்றிருந்தது. கம்பளி என்று நிரப்பினேன். விடை உரோமமாம். கம்பளி ஏன் தப்பு?" என்று கும்பகோணத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கம்பளி உரோமத்தில் ஒரு வகைதான். அறுவடை முடிந்த வயலில் கிடை போடுகிறார்களே, அந்தச் செம்மறிகளைத் தடவிப் பாருங்கள். முரட்டு மயிர்தான் கையில் படும், கம்பளி இருக்காது. ஆனால் உரோமம் உண்டு. மூன்று கட்டம் என்றால் 'மயிர்' பொருந்தும். நல்ல பழந்தமிழ்ச் சொல், குறளிலேயே இருக்கிறது. வசவாகிவிட்டதால் பத்திரிகைக் கட்டங்களில் அதிகம் வருவதில்லை. ஆங்கிலக் கட்டங்களில் வரும் ஆறெழுத்து விடை 'பெலேஜ்'. அது ஒற்றை மயிரைக் குறிக்காது, உடல் முழுக்கப் போர்த்திய மொத்த அடுக்கையும் குறிக்கும்.

மயிர் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, தோலுக்குள் ஒரு பையிலிருந்து வளர்கிறது, பக்கத்திலேயே எண்ணெய்ச் சுரப்பி உண்டு. இதெல்லாம் பள்ளிப் பாடம். அடுக்காகச் சேரும்போது அது என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்குக் காவிரி, கொள்ளிடக் கரை நீர்நாயைவிட நல்ல சான்று இல்லை.

அதன் உடலில் இரண்டு வகை மயிர். மேலே 12 முதல் 14 மில்லிமீட்டர் நீளமுள்ள காவல் மயிர். அடியில் 6 முதல் 8 மில்லிமீட்டரில் மெல்லிய, நெருக்கமான அடிமயிர். நீர்நாய் மூழ்கும்போது காவல் மயிர் படிந்து, கூரை வேய்ந்ததுபோல் மேலே மூடிக்கொள்கிறது. அடிமயிரின் செதில்கள் பக்கத்து மயிரின் பள்ளங்களில் போய்ச் செருகி நிற்கின்றன. இடையில் சிக்கிய காற்று வெளியேற வழியில்லை, தண்ணீர் உள்ளே வரவும் வழியில்லை. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். திமிங்கிலத்துக்கு இருப்பதுபோல் தடித்த கொழுப்புப் படலம் நீர்நாய்க்குக் கிடையாது. மார்கழித் தண்ணீரில் மீன் பிடிக்கும்போது அதன் சூட்டைக் காப்பது இந்தக் காற்றுதான். கரையேறி உடம்பை உதறியதும் மேல்மயிர் ஈட்டி ஈட்டியாகக் குவிந்து நிற்கும். தோலை ஒட்டிய அடிமயிரோ காய்ந்தே இருக்கும்.

செதில் இருப்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். உங்கள் தலைமயிர் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விரல்களின் நீளவாக்கில் வைத்து, விரல்களை முன்னும் பின்னும் தேயுங்கள். மயிர் ஒரே பக்கமாக ஊர்ந்து போகும், வேர்முனை முன்னால். செதில்கள் நுனியைப் பார்த்து, ஓட்டுவீட்டு ஓடுபோல் அடுக்கியிருப்பதால் எதிர்த்திசையில் அவை தடுக்கின்றன. திருப்பி வைத்துத் தேய்த்தால் திசையும் மாறும்.

இந்த அடுக்கு கெடுவது எளிது. டீசல் படிந்தால் மயிர்கள் கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும், கற்றைகளுக்கு நடுவே தண்ணீர் நேரே தோலைத் தொடும். சோப்புத் தண்ணீர் எண்ணெய்ப் பூச்சைக் கழுவிவிடும். அதனால்தான் நீர்நாய் கரையேறியதும் மணலிலும் புல்லிலும் புரண்டு புரண்டு உரோமத்தைக் கோதிச் சீராக்குகிறது. மணல்திட்டை அள்ளிவிட்டால் அது துவட்டிக்கொள்ளும் இடமே போய்விடும். புலிக்கும் யானைக்கும் ஒதுக்கும் ஆய்வுப் பணத்தில் ஒரு பங்கு டெல்டாவின் நீர்நாய்க்கும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாப் பாலூட்டிக்கும் இவ்வளவு அடர்த்தி தேவையில்லை. வளர்ந்த எருமைக்கு மயிர் அருகியே இருக்கும், வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. வெயிலுக்குச் சேறுதான் அதற்குப் போர்வை. யானைக்கும் மயிர் குறைவுதான், ஆனால் வால்நுனியில் கம்பிபோல் தடித்து நிற்கும். அதில் மோதிரம் செய்து போட்டால் பயம் போகும் என்று நம்பி வாங்குகிறார்கள். அதிலிருப்பதும் நம் நகத்திலிருக்கும் அதே கெரட்டின்தான். அதை விற்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடுங்கினால் யானைக்கு வலிக்கும், ஈ ஓட்டவும் மயிர் இல்லாமல் போகும்.