செக்வெஸ்ட்ரேஷன்: திவாலா, நொடிப்பா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பெரியம்மா வீட்டு மேசையில் ஒரு தாள் கிடந்தது. மேலே 'படிவம் 17.1' என்று போட்டிருந்தது. பெரியம்மா அதைத் தொடவே இல்லை. "தம்பி திவாலாயிட்டானாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

திவால் என்பது இந்துஸ்தானியின் 'திவாலா'. கடனைத் தீர்க்க முடியாத வியாபாரி பட்டப்பகலில் கடையில் விளக்கேற்றி வைப்பானாம், அந்தத் தீபத்திலிருந்தே சொல் வந்ததாம். கதை அழகாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்' என்பார்கள். 'ஐ.பி. கொடுத்துட்டான்' என்பதும் உண்டு, அது இன்சால்வன்சி பெட்டிஷன். நம் சொல் நொடிப்பு. வாழ்ந்து நொடிந்த குடும்பம் என்கிறோமே, அதே நொடிதல்தான்.

தென்னாப்பிரிக்கச் சட்டம் தனிமனிதருக்குச் சொல்வது செக்வெஸ்ட்ரேஷன். கம்பெனியை இப்படிக் கலைத்தால் லிக்விடேஷன். லத்தீனில் 'செக்வெஸ்டர்' என்பவர், வழக்கில் இருக்கும் பொருளை இரு தரப்புக்கும் பொதுவாக வாங்கி வைத்திருக்கும் மூன்றாம் ஆள். 1936ஆம் ஆண்டு இன்சால்வன்சி சட்டப்படி நடப்பதும் அதுதான். ஹை கோர்ட் ஆணையிட்டதும் சொத்து முதலில் மாஸ்டர் என்ற கோர்ட் அதிகாரியின் பொறுப்புக்கும், அப்புறம் அதை விற்றுக் கடனைப் பிரித்துக் கொடுக்கும் டிரஸ்டி கைக்கும் போய்விடும். நொடிப்பு ஆளின் நிலை, செக்வெஸ்ட்ரேஷன் கோர்ட்டின் செயல். அதனால் 'நொடிப்பு ஆணை' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கடன் கொடுத்தவர்களுக்கு ஆதாயம் உண்டு என்று காட்டினால்தான் அந்த ஆணை கிடைக்கும். விற்க ஒன்றுமே இல்லாதவர் நொடிந்து கிடக்கலாம், சட்டப்படி நொடிக்க வழியில்லை! ஆணை வந்துவிட்டால் 10 ஆண்டு கழித்துத் தானாக விலகும். முன்னதாக வேண்டுமானால் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். ரீஹாபிலிடேஷன் என்ற அதை 'மறுவாழ்வு' என்றால் குடி மறந்த ஆள் நினைவுக்கு வருகிறார். 'நொடிப்பு நீக்கம்' போதும்.

மொத்தக் கடன் 50,000 ராண்டுக்குள் என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அட்மினிஸ்ட்ரேஷன் ஆணை கேட்கலாம்; கோர்ட் நியமிக்கும் ஒருவர் தவணையை வாங்கிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துத் தருவார். சம்பளம் வருகிறது, தவணைதான் கழுத்தை நெரிக்கிறது என்பவர்களுக்கு 2005ஆம் ஆண்டு தேசியக் கடன் சட்டம் தந்த டெப்ட் ரிவ்யூ உண்டு. கடன் ஆலோசகர் தவணைகளைக் கையில் நிற்கும் அளவுக்கு மாற்றித் திட்டம் போடுவார். அது முடியும்வரை புதுக் கடன் கிடையாது. 'கடன் சீராய்வு' எனலாம்.

ஆலோசகர் இப்படியொரு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்பும் அறிவிப்புதான் 17.1. பெரியம்மாவிடம் சொன்னேன்: "தம்பி திவாலாகலை பெரியம்மா, சீராய்வுக்குத்தான் போயிருக்கான்." தாளை எடுத்து மடித்து, மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தார்.