நினைவு தப்பிய பிறகு பவர் எழுத முடியாது

"அப்பாவுக்கு ஸ்ட்ரோக், ஐசியூவில் இருக்கிறார். கைநாட்டு வாங்கி ஒரு பவர் போட்டுக் கொடுங்கள் சார்." இந்த வாரமும் ஒருவர் வந்து கேட்டார். பவர் என்றால், ஒருவர் தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கட்ட அப்பாவின் டெபாசிட்டை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். முடியாது என்றதும், வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

போட்டுக் கொடுக்கிற ஆள் கிடைக்கவும் கூடும். அது செல்லாது. பவர் கொடுப்பவருக்குத் தான் என்ன எழுதிக் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம் என்பது புரிந்திருக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவரின் விரலை மையில் அழுத்தி எடுத்தால் கிடைப்பது ரேகை, சம்மதம் அல்ல. நாளைக்கு உடன்பிறந்தவர் யாராவது கேஸ் போட்டால், அன்றைய தேதியிட்ட ஆஸ்பத்திரி ரெக்கார்டே உங்களுக்கு எதிராகப் பேசும்.

இதைவிட என்னைச் சோர்வடைய வைப்பது இன்னொரு கூட்டம். "நாங்கள் உஷார் சார், அம்மா நன்றாக இருக்கும்போதே பவரைப் பதிவு செய்துவிட்டோம், இனிக் கவலையில்லை" என்பவர்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவைப் பாருங்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் அது முடிந்தது. அவர் சித்தசுவாதீனம் இழந்தாலும் முடிந்தது. இரண்டாவதைத்தான் யாரும் நம்ப மறுக்கிறார்கள். பதிவு செய்திருக்கிறோமே? செய்திருந்தாலும்தான். முத்திரைத்தாளில் இருக்கிறதே? இருக்கட்டும். ஆயுள் முழுக்க என்று எழுதியிருக்கிறதே? எழுதியதால் சட்டம் மாறாது. அம்மாவால் நடக்க முடியவில்லை, கண் தெரியவில்லை, பேங்க் வரை வர முடியவில்லை என்றால் பவர் உதவும். அம்மாவுக்கு உங்களையே அடையாளம் தெரியாத நாள் வந்தால், அதே பவர் வெறும் காகிதம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். நினைவு போன பிறகும் நீடிக்கிற பவர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உண்டு. நம் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை.

சரி, நினைவு ஏற்கெனவே போய்விட்டது, என்ன செய்வது? உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனு போட்டு, உங்களைக் காப்பாளராக நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல், கோமாவில் இருந்த ஒருவரின் சொத்தை நிர்வகிக்க அவர் மனைவியைக் காப்பாளராக நியமித்தது. வழி உண்டு, ஆனால் செலவும் அலைச்சலும் உண்டு, நீதிமன்றம் நிபந்தனைகளும் போடும். 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இதற்கு மாவட்ட நீதிமன்றத்திலேயே ஒரு வழி இருந்தது. 2017-இல் புதிய சட்டம் கொண்டுவந்தவர்கள் அதை எடுத்துவிட்டு, சொத்து விஷயத்தில் பதிலுக்கு எதையும் வைக்கவில்லை. வக்கீல்கள் டீக்கடையில் புலம்புகிற விஷயம் இது, உங்களுக்கு எதற்கு.

டிமென்ஷியா என்று டாக்டர் எழுதிய அன்றே எல்லாம் முடிந்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். கையெழுத்துப் போடுகிற நேரத்தில் விஷயம் புரிந்து முடிவெடுக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஆரம்ப நிலையில் பலருக்கு முடியும். அப்படியானால் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை தரும் டாக்டரிடம் அதே தேதியில் ஒரு சான்று வாங்குங்கள். அப்பாவிடம் வக்கீல் தனியாகப் பேசட்டும். நீங்கள் வெளியே உட்காருங்கள். இதற்குக் கோபித்துக்கொள்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

செய்ய வேண்டியவை பெரிய வேலையில்லை. அன்றாடச் செலவுக்கான பேங்க் கணக்கை, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். டெபாசிட்டுகளையும்தான், அவற்றை மறந்துவிடுகிறீர்கள். எல்லாவற்றிலும் நாமினி இருக்கிறதா பாருங்கள். ஆனால் பேங்க் பணத்தைப் பொறுத்தவரை நாமினி அதை வாங்கி வைப்பவர்தான். உரிமை வாரிசுகளுக்கு, உயில் இருந்தால் உயிலில் சொன்னவருக்கு. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும். பங்கு பெறுகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. பதிவு செய்வது நல்லது. உடம்பு முடியாதவர் என்றால் சார்பதிவாளரே வீட்டுக்கு வர விண்ணப்பிக்கலாம். பேங்கிலும் ஒரு வழி உண்டு. கையெழுத்துப் போட முடியாத வாடிக்கையாளரின் விரல் ரேகையை, பேங்க் அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டினால் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. நினைவோடு இருப்பவருக்குத்தான், அதையும் மறக்க வேண்டாம். கவுன்டரில் தெரியாது என்றால் மேனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம், ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் கையில் இருக்கிறதே என்று அப்பா நினைவில்லாமல் கிடக்கும்போது எடுத்துக்கொண்டே இருப்பது. எல்லோரும் செய்கிறார்கள், தெரியும். மருந்துச் செலவு என்றால் ஒவ்வொரு பில்லையும் வையுங்கள். பின்னால் அக்கா கணக்குக் கேட்கும்போது ஞாபகத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது.

பெற்றோருக்கும் ஒன்று. "பவர் செல்லாதாமே, அப்படியானால் இப்போதே வீட்டை செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடு" என்று யாராவது ஆரம்பித்தால், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். உயிலை உங்கள் காலம் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் எழுதிவிட்டால் வீடு அன்றே கைமாறிவிடும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை வசிக்கும் உரிமை எனக்கு, என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டே கொடுக்கிறேன் என்று பத்திரத்திலேயே போடச் சொல்லுங்கள். "பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா" என்று பத்திர எழுத்தர் தயங்கினால், அவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில், கவனிக்காத பிள்ளைக்கு எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யக் கேட்கலாம். பத்திரத்தில் அந்த நிபந்தனை வரி இருந்தால் வாதாட வேண்டிய பாதி வேலை குறையும். மனுவைக் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் நீங்களே கொடுக்கலாம். எங்கே போவது என்று புரியவில்லை என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேளுங்கள், கட்டணம் இல்லை.