கணப்புக் கல்லுக்கு பெயிண்ட் அடிக்கும் முன்

ஜோகனஸ்பர்க்கில் குளிர் எட்டிப் பார்த்ததுமே போன் வரத் தொடங்கிவிடும். "தம்பி, கணப்பைச் சுத்தி கல்லெல்லாம் கறுத்துப்போச்சு, சந்து வேற உதிருது. சிமெண்ட் வெச்சு அடைச்சு வெள்ளை பெயிண்ட் அடிச்சுக் குடுங்க."

மணற்கல்லாக இருந்தால் நான் சிமெண்டைத் தொடுவதில்லை. பழைய வீடுகளில் கற்களுக்கு நடுவே இருக்கும் சந்தை ஒரு சாவியால் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் அது சுண்ணாம்புச் சாந்து. சாவி வழுக்கினால் யாரோ ஏற்கெனவே சிமெண்ட் பூசிவிட்டார்கள். சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். அப்போதுதான் சுவரில் ஊறிய ஈரமும் உப்பும் சந்து வழியே வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் கல்லுக்குள் திரும்பும். காயும்போது உப்பு கல்லின் தோலுக்குப் பின்னால் படிகமாகி, முகப்பை அப்பளம் போலப் பெயர்த்துத் தள்ளும்.

உதிர்ந்ததை உளியும் கையுமாக எடுத்து, தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசுகிறேன். இங்கே குளிர்காலக் காற்று வறட்சி, அதனால் சில நாள் ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும். ஒரு மாதமாவது நெருப்பு மூட்டக் கூடாது. ஜூனில் குளிர்காய வேண்டுமென்றால் மார்ச்சிலேயே கூப்பிடுங்கள்! நெருப்பு எரியும் உட்புறத்துக்கு இந்தச் சாந்து ஆகாது, தீக்களிமண் சாந்துதான். மழைக்குப் பிறகு சுவரில் உப்புப் பூத்தால் முதலில் புகைபோக்கியின் உச்சியைப் பாருங்கள், பெரும்பாலும் தண்ணீர் அங்கேதான் இறங்குகிறது.

சரி, பெயிண்ட்? பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் மாட்டிக்கொள்ளும், புகைக்கறையும் மஞ்சளாக மேலே வரும். சுண்ணாம்பு அடிக்கலாம், சிலிகேட் பெயிண்டும் நல்லது. ஆனால் பழைய எமல்ஷன் மேல் இரண்டும் ஒட்டாது. என்னைக் கேட்டால் புகையைத் துலக்கிவிட்டு கல்லைக் கல்லாகவே விடுவேன்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டுங்கள். மணற்கல் தூசியில் சிலிக்கா உண்டு. அது நுரையீரலை எப்படிக் கெடுக்கும் என்று ஜோகனஸ்பர்க் போன்ற தங்கச் சுரங்க ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணப்பைச் சுற்றி சாம்பல் நிறக் கயிறோ அட்டையோ கண்டால் உடைக்காதீர்கள், மூச்சில் போனால் ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் நாராக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் அதற்குத் தடை வந்ததே 2008-இல்தான்.

அப்புறம் பலருக்குத் தெரியாத ஒன்று. 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபு வளச் சட்டம், பிரிவு 34-இன்படி 60 வயதைத் தாண்டிய கட்டடத்தை மாற்ற மாகாண மரபு ஆணையத்தின் அனுமதி வேண்டும். பெயிண்ட் அடிப்பதும் அந்தச் சட்டத்தில் 'மாற்றம்'தான். அதனால் வீட்டு வரைபடத்தில் ஆண்டைப் பார்த்த பிறகே நான் கூலி பேசுகிறேன்.