நாசி கோரெங்: அரிசியா, சோறா?

“வறுத்த அரிசியைத் தட்டில் குவித்து, அதன் மேல் ஒரு முட்டையை வைக்கிறார்கள்.” ஜகார்த்தாவின் தெருவுணவைப் பற்றிய ஒரு காணொளியின் அடியில் ஓடிய தமிழ் வரி இது. இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக இந்த ‘வறுத்த அரிசி’யைச் சந்திக்கிறேன். எங்கள் வீட்டில் வறுத்த அரிசி என்றால் மாவு திரிக்கவோ, உடைத்துக் கஞ்சி வைக்கவோ எடுத்து வைப்பது. அதைத் தட்டில் குவித்துக் கொடுத்தால் விருந்தாளிக்குப் பல் மிஞ்சாது.

அந்த வரி அப்படிச் சொன்னது நாசி கோரெங் என்னும் உணவை. அது இந்தோனேசியச் சொல். நாசி என்றால் சோறு. கோரெங் என்றால் எண்ணெயில் இட்டுச் சமைத்தது. (நமக்கு நாசி மூக்கு. அதுவும் பொருந்தத்தான் செய்கிறது: தெராசி என்னும் இறால் விழுது சூடான எண்ணெயில் விழுந்ததும் முதலில் விழித்துக்கொள்வது மூக்குதான்.)

வயலில் நிற்பது பாடி, உமி நீக்கியது பெராஸ், வெந்தது நாசி என்று அவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். நெல், அரிசி, சோறு என்று நாம் சொல்வதும் அதையேதான். சோறு உண்ணும் இரண்டு மொழிகள் நேருக்கு நேர் பேசியிருந்தால் குழப்பமே வந்திருக்காது. நடுவில் ஆங்கிலம் உட்கார்ந்துகொண்டது. அதற்கு மூன்றுமே ரைஸ்; நாசி கோரெங் ‘ஃப்ரைட் ரைஸ்’. நெல்லுக்குத் தனியாக ஒரு சொல் தேவைப்பட்டபோது ஆங்கிலமே மலாய்க்காரரின் பாடியைத்தான் வாங்கிப் ‘பேடி’ ஆக்கிக்கொண்டது. அப்படிப்பட்ட மொழியின் வழியே போய் நாசியை அரிசி ஆக்குவதை என்னவென்று சொல்ல!

சிலர் பாதி திருந்தி ‘வறுத்த சோறு’ என்று எழுதுகிறார்கள். ரவையை வறுக்கிறோம், மிளகாயை வறுக்கிறோம், கடலையை வறுக்கிறோம்; ஈரம் போவதுதான் வறுத்தலின் குணம். மீன் வறுவலில் எண்ணெய் இல்லையா என்று கேட்பார்கள். உண்டு, ஆனால் அங்கும் மீன் மொறுமொறுப்பாகத்தான் வர வேண்டும். எண்ணெய் விடாமல் வறுப்பதற்கு இந்தோனேசியரிடம் சங்ராய் என்று வேறொரு சொல்லே இருக்கிறது. நாசி கோரெங்கில் சோறு மொறுமொறுக்காது. பனைவெல்லம் சேர்த்த கெச்சாப் மானிஸ் என்னும் இனிப்புச் சோயாச் சாறு ஒவ்வொரு பருக்கையிலும் பூசி, பழுப்பேறி, பளபளப்பாக இருக்கும். ‘பொரித்த சோறு’ அதைவிட மோசம். காய்ந்த சோற்று வடகத்தை எண்ணெயில் போட்டால் கிடைப்பது அது.

நான் முன்வைப்பது ‘பிரட்டல் சோறு’. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய், தெராசி எல்லாவற்றையும் இடித்து எண்ணெயில் வதக்கி, முந்தைய வேளையில் மிஞ்சிய சோற்றைக் கொட்டி, விடாமல் பிரட்டுகிறார்கள். சுடுசோறு குழைந்துவிடும், ஆறிய சோறுதான் உதிரியாகப் பிரளும். அந்தக் கைவேலையைச் சொல்லும் வினை நம்மிடம் இருக்கிறது, கோழிப் பிரட்டலாக உண்டும் வருகிறோம். ‘புரட்டுதல்தானே திருத்தமான வடிவம்’ என்று ஒரு நண்பர் திருத்தினார். புரட்டல் சோறு என்று பலகை வைத்த கடையில் யார் நம்பிச் சாப்பிடுவார்கள்?

பெயரையே மாற்றச் சொல்லவில்லை. இட்லியை மொழிபெயர்த்தால் நாம் சும்மா இருப்போமா? 2018இல் இந்தோனேசியச் சுற்றுலா அமைச்சகம் அறிவித்த ஐந்து தேசிய உணவுகளில் ஒன்று இது. இரவில் தள்ளுவண்டிக்காரர் வாணலியைத் தட்டும் ‘தெக் தெக்’ ஓசையாலேயே நாசி கோரெங் தெக்தெக் என்று ஒரு வகைக்குப் பெயர் வந்திருக்கிறது. எவ்வளவு காரம் வேண்டும் என்று கேட்டு, கண் முன்னால் மிளகாயை இடித்து, அப்போதே பிரட்டித் தருவதில்தான் அதன் ருசி. முதல் வாய் இனிக்கும், மூன்றாம் வாயில் கண் கலங்கும். அதனால் நாசி கோரெங் என்றே எழுதுங்கள்; விளக்கம் தேவைப்படும் இடத்தில் மட்டும் பிரட்டல் சோறு என்று சேருங்கள்.

முட்டையையும் அந்தக் காணொளி விட்டுவைக்கவில்லை. இந்தோனேசியர் அதைத் தெலூர் மாத்தா சாப்பி, அதாவது மாட்டுக்கண் முட்டை என்கிறார்கள். பார்த்தாலே புரியும் பெயர். ஆங்கிலத்தின் ‘சன்னி சைடு அப்’பைச் சுற்றி வந்த தமிழ் வரியில் அது ‘சூரியப் பக்கம் மேல்நோக்கிய முட்டை’ ஆகியிருந்தது. ஆஃப்பாயில் என்று எழுத என்ன கூச்சமோ!