டாங்கிளில் விளக்கு எரிகிறது, நெட் வரவில்லை: சிம்மை மாற்றும் முன் டிரைவரைப் பாருங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் கடைகளிலும் கிளினிக்குகளிலும் ஒரு யுஎஸ்பி டாங்கிளை (சிம் போட்டு மொபைல் நெட் தரும் மோடம்) லினக்ஸ் பெட்டியிலோ, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் மென்பொருள் ஓடும் ரவுட்டரிலோ மாற்று இணைப்பாகச் செருகி வைப்பது நல்ல பழக்கம். 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30இல் 'ஃபெஞ்சல்' புயல் என்று பார்த்த ஊர்கள் இவை. மரம் சாய்ந்தால் கம்பத்தில் போகும் ஃபைபரும் அறுந்துவிடும். ஆனால் அவசரத்துக்கு எடுக்கும்போது விளக்கு எரியும், சிக்னல் இருக்கும், நெட் மட்டும் வராது. உடனே சிம்மை மாற்றுகிறார்கள். பல நேரம் கோளாறு, லினக்ஸின் மையமான கெர்னலில் டாங்கிளை இயக்கும் டிரைவரில்தான்.

வெளியே ஒரே பொருளாகத் தெரியும் டாங்கிளுக்குள், தனித்தனி வேலை செய்யும் பல இன்டர்ஃபேஸ்கள் உண்டு. ஏடி கட்டளைக்கான (மோடத்துக்கு எழுத்தில் கொடுக்கும் கட்டளை) சீரியல் போர்ட்டுகளை 'ஆப்ஷன்' டிரைவர் எடுத்துக்கொள்ளும். டேட்டா இன்டர்ஃபேஸுக்கு மாடலைப் பொறுத்து க்யூஎம்ஐ-வான், சிடிசி-எம்பிம், ஹுவாவே-சிடிசி-என்சிஎம் என்று ஏதாவது ஒன்று. 'இணைப்பைத் தொடங்கு' என்று மோடத்துக்குச் சொல்லும் கட்டுப்பாட்டு வழி, பல மாடல்களில் டேட்டாவோடு ஒரே இன்டர்ஃபேஸில் இருக்கிறது. லினக்ஸிலோ ஒரு இன்டர்ஃபேஸுக்கு ஒரு டிரைவர்தான். இதற்காகவே 2012இல் வந்த 3.4 கெர்னலிலிருந்து க்யூஎம்ஐ-வான், கட்டுப்பாட்டு வழியைக் கவனிக்கும் சிடிசி-டபிள்யூடிஎம்மைத் துணை டிரைவராகத் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது. ஹுவாவே ஸ்டிக்குகளுக்கு இதே வழியில் 3.13இல் தனி டிரைவர் வந்தது. ஆகவே இவ்வகை மோடம்களில் டேட்டாவுக்கான 'டபிள்யூவான்0', கட்டுப்பாட்டுக்கான 'சிடிசி-டபிள்யூடிஎம்0' இரண்டும் சேர்ந்தே தோன்ற வேண்டும். டெர்மினலில் 'எல்எஸ்யுஎஸ்பி -டி' கட்டளை கொடுத்தால் எந்த இன்டர்ஃபேஸை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று தெரியும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. மாடலைக் கெர்னலுக்குத் தெரியவில்லை என்று 'ஆப்ஷன்' டிரைவரின் 'நியூ-ஐடி' கோப்பில் டாங்கிளின் யுஎஸ்பி அடையாள எண்ணை எழுதிவிடுகிறார்கள். அந்த எண் டாங்கிள் முழுவதற்கும் பொருந்துவதால் டேட்டா இன்டர்ஃபேஸையும் 'ஆப்ஷன்' பிடித்துக்கொள்ளும். சீரியல் போர்ட் கூடுதலாக ஒன்று வரும், 'டபிள்யூவான்0' வராது. அந்த ஓர் இன்டர்ஃபேஸை மட்டும் 'அன்பைண்ட்' செய்து, அதாவது 'ஆப்ஷன்' பிடியிலிருந்து விடுவித்து, உரிய டிரைவரிடம் கொடுக்க வேண்டும். நிலையான தீர்வு, மாடலை இன்டர்ஃபேஸ் வாரியாக அறிந்த புதிய கெர்னல்தான்.

ஹுவாவே இ3372 என்று ஒரே பெயரில் இரண்டு வகை உண்டு. ஹைலிங்க் வகை தானே ஒரு ரவுட்டர்: சிடிசி-ஈதர் டிரைவர் போதும், 192.168.8.1இல் அமைப்புப் பக்கம். ஸ்டிக் வகைக்குத்தான் மேலே சொன்ன என்சிஎம் டிரைவர். இரண்டுமே முதலில் சிடி-ராமாக எழுந்தால், சரியான நிலைக்கு மாற்றும் யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் நிரல் தேவை.

'டபிள்யூவான்0' இருக்கிறது, இணைப்பும் ஆகிவிட்டது, ஆனால் ஐபி முகவரி தரும் டிஹெச்சிபியிலிருந்து பதிலே இல்லையா? க்யூஎம்ஐ-வான் டிரைவரில் ஓடும் புதிய மோடம்கள் பல ஈதர்நெட் தலைப்பு இல்லாத 'ரா-ஐபி'யில் மட்டும் பேசும். இன்டர்ஃபேஸை இறக்கிவிட்டு, அதன் க்யூஎம்ஐ அடைவில் (ஃபோல்டரில்) உள்ள 'ரா-ஐபி' கோப்பில் 'ஒய்' எழுதிவிட்டு ஏற்றுங்கள். மோடத்தை இணைத்து நிர்வகிக்கும் நிரல்களான மோடம்மேனேஜரையும் யூக்யூஎம்ஐயையும் ஒன்றாக ஓட விடாதீர்கள். ஒரே கட்டுப்பாட்டு வழிக்கு இரண்டும் அடித்துக்கொள்ளும்.

அடிக்கடி துண்டித்து மீண்டும் வந்தால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட்டின் வரம்பு 500 மில்லி ஆம்பியர். சிக்னல் மங்கும்போது மோடம் அதிகம் இழுக்கும். தனி அடாப்டர் உள்ள ஹப்பில் மாட்டுங்கள். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போல் கடலோரத்தில் உப்புக் காற்று யுஎஸ்பி முனையைப் பச்சையாக்கிவிடும். மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அன்றைக்கே ஃபைபரையும் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் டாங்கிளில் மட்டும் பில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.