புற்றுக்குள் ஊதும் கரடி

கரடியைக் கண்ணால் பார்க்கும் முன்னே காதால் கேட்டோம். பாபநாசத்தில் விடியலில் ஜீப் ஏறி, முண்டந்துறைக் காட்டுக்குள் ஓர் ஓடைக்கரைப் பாறையில் இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தோம். வழிகாட்டியாக வந்த காணிக்காரப் பழங்குடிப் பெரியவர் சட்டென்று கையை உயர்த்தினார். எதிர்க்கரைப் புதருக்குள் ‘புஸ்’ஸென்று ஓர் ஊதல். அடுத்த நொடியே, பனையோலைப் பட்டையின் அடியில் கிடக்கும் கடைசி மடக்குப் பதநீரை உறிஞ்சுவதுபோல முரட்டுச் சத்தம்.

“புத்து திங்குது தம்பி. காத்து நம்ம பக்கந்தான் வருது, அசையாம இருங்க.”

பைனாகுலரில் பார்த்தேன். கரிய சடைமுடி முழுக்கச் செம்மண். நகம் ஒவ்வொன்றும் என் விரல் நீளம், வெளிறிய நிறம். கரையான், எங்கள் பக்கத்துச் செல்லு, மண்ணில் எச்சிலைக் குழைத்துக் கட்டுகிற புற்று காய்ந்துவிட்டால் கடப்பாரையே திணறும். அதை ஐந்தாறு இழுப்பில் உடைத்துவிட்டு, ஓட்டைக்குள் மூஞ்சியை நுழைத்தது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் அதிசயம். மற்றக் கரடிகளுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் 6. நம் ஊர்க் கரடிக்கு 4தான். நடுவில் இரண்டு இல்லை. அந்த இடைவெளியும் குழிந்த மேலண்ணமும் சேர்ந்து ஒரு குழாய்போல ஆகின்றன. நீண்டு நெகிழும் உதடுகள் குவிந்து அந்தக் குழாய்க்கு வாயாகின்றன. முதலில் ஓங்கி ஊதிப் புழுதியை விலக்குகிறது. பிறகு மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு இழுக்கிறது. மூக்கு திறந்திருந்தால் அந்த வழியாகக் காற்று புகுந்து இழுப்பு வீணாகிவிடும், மண்ணும் ஏறும்.

பனங்காட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். சீவிய நுங்கின் கண்ணைப் பெருவிரலால் குத்தி, உதட்டை ஒட்டவைத்து உறிஞ்சுவோம். வாய்க்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று நுங்கை உள்ளே தள்ளுகிறது. உதட்டோரம் கொஞ்சம் விலகினாலும் வெறும் காற்றுதான் வரும். கரடிக்கோ அந்தக் காற்றுதான் வண்டி. புற்றின் சுரங்கங்களில் இருக்கும் காற்று வாய்க்குள் பாய்ந்து வரும்போது கரையான்களையும் புழுக்களையும் அடித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சத்தம் 100 மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

இந்த நகத்தையும் பல் இடைவெளியையும் பார்த்துத்தான் 1791இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், தென் அமெரிக்க மரங்களில் தொங்கி வாழும் ஸ்லாத்தின் இனத்தில் இதைச் சேர்த்துவிட்டார். கரடி என்று பின்னால் தெரிந்தும் ‘ஸ்லாத் பியர்’ என்ற ஆங்கிலப் பெயரில், சோம்பல் என்றும் பொருள்படும் ஸ்லாத் ஒட்டிக்கொண்டது. ஆனால் நான் பார்த்த கரடியிடம் சோம்பல் துளியும் இல்லை. 100 கிலோ உடம்பை அரிசி மணி அளவுப் பூச்சிகளைக் கொண்டு வளர்ப்பதென்றால் ஓயாமல் தேட வேண்டும். பனிநாட்டுக் கரடிகளைப்போல மாதக்கணக்கில் உறங்குவதும் இதற்குக் கிடையாது.

பழக்காலத்தில் நாவல், இலந்தை, கொன்றை என்று மாறிக்கொள்ளும். வரும் வழியிலேயே பெரியவர் ஒரு கரடி எச்சத்தைக் குச்சியால் கிளறிக் காட்டியிருந்தார். உள்ளே கொன்றை விதைகள் உடையாமல், பழுப்பாக, கழுவி வைத்ததுபோல மின்னின. கொன்றையை ஊன்றுகிற கைகளில் கரடியினுடையதும் ஒன்று என்பதை அந்த இடத்தில்தான் உணர்ந்தேன்.

கரடி திரும்பியபோது முதுகுச் சடையைப் பிடித்தபடி ஒரு குட்டி! குட்டியை வழக்கமாக முதுகில் சுமப்பது, உலகின் எட்டு வகைக் கரடிகளில் இது மட்டுமே. பெரியவர் முகம் மாறியது. “போதும், கிளம்புவோம்.”

காரணம் அந்த உறிஞ்சலிலேயே இருக்கிறது. தலை புற்றுக்குள், காதில் தன் சத்தமே நிறைந்திருக்க, நாம் வருவது அதற்குத் தெரியாது. கண்பார்வையும் அவ்வளவு கூர்மையில்லை. பத்தடியில் திடீரென்று மனிதனைக் கண்டால் மிரண்டு பாய்கிறது. 1988இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமானது களக்காடு முண்டந்துறை. புலி வாழும் காட்டில் மரமேறித் தப்பிப்பதைவிட எதிர்த்து நிற்கப் பழகிய விலங்கு இது. கடையம் பக்கத்துத் தோட்டங்களுக்கும் கரடி இறங்குவதால், அதிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் இதை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் பெரியவர் ஒவ்வொரு வளைவுக்கும் முன் கம்பால் பாறையைத் தட்டினார். “சும்மா வராதிய, சத்தமா எதையாவது பேசிக்கிட்டே வாங்க” என்றார். ஜீப் வரைக்கும் நுங்கைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.