கப்பலின் ஏழு இலக்கமும் வாஷிங்டனின் பட்டியலும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், கப்பல் வேலைக்கு ஆர்டர் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியோடு வருகிறார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது பணி ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வதைத் தொழிலாக வைத்திருக்கும் நான், முன்பெல்லாம் சம்பளம், ஒப்பந்த மாதங்கள், காப்பீடு ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும் என்றிருந்தேன். இப்போது நான்காவதாக ஒன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கப்பல் அமெரிக்காவின் தடைப் பட்டியலில் இருக்கிறதா, அல்லது நாளைக்கு அதில் சேரக்கூடிய கப்பலா என்பதே அது.

சென்ற ஆண்டு சிங்காரத்தோப்பிலிருந்து ஒரு தந்தையும் மகனும் வந்திருந்தார்கள். மகன் ஐ.டி.ஐ. ஃபிட்டர், கப்பல் பணியாளருக்கான அடையாள ஏடான சி.டி.சி.யும் எடுத்திருந்தான். வாட்ஸ்அப்பில் வந்த நியமனக் கடிதத்தைக் காட்டினார்கள். எண்ணெய் டேங்கர், ஷார்ஜாவுக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கும்போது ஏற வேண்டும், விசிட் விசாவில் போக வேண்டும், சம்பளம் சந்தை நிலவரத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கடிதத்தில் கப்பலின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் எங்கும் இல்லை. "பேரு இருக்கே சார், அது போதாதா?" என்று தந்தை கேட்டார். பெயர் பெயின்டால் எழுதப்படுவது; ஒரே இரவில் மாற்றிவிடலாம் என்றேன்.

ஐ.எம்.ஓ. எண் என்பது கப்பல் கட்டப்படும்போது கிடைத்து, அது உடைக்கப்படும் வரை மாறாமல் இருக்கும் ஏழு இலக்க எண். உரிமையாளர் மாறலாம், கொடி (அதாவது கப்பல் பதிவான நாடு) மாறலாம், பெயர் நான்கு முறை மாறலாம், எண் மாறாது. அதில் ஒரு எளிய சோதனையும் உண்டு. அந்தப் பையனுக்கு ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். 9074729 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால், முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 63, 0, 35, 16, 21, 4, மொத்தம் 139. அந்தக் கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமான 9 தான் எண்ணின் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். இருக்கிறது. வாய்க்கு வந்த ஏழு இலக்கத்தை ஏஜென்ட் எழுதி அனுப்பினால் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே பிடிபட்டுவிடும். கணக்கு சரியாக வந்தால், அதே எண்ணை அமெரிக்க நிதித்துறையின் தடைப் பட்டியலில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம்.

ஓர் அயல்நாட்டு நிதித்துறையின் பட்டியலை சிங்காரத்தோப்புக்காரர் ஏன் பார்க்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஐ.நா. விதிக்காத தடைகளை ஏற்பதில்லை என்பது டெல்லியின் நெடுநாளைய நிலைப்பாடு. ஆயினும் 2018 மே மாதம் ஈரான் அணு ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகி, எண்ணெய் வாங்கும் நாடுகளுக்குத் தந்திருந்த விலக்கையும் 2019 மே மாதத்தில் முடித்துக்கொண்டபோது, இந்தியா ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. உலக வணிகம் டாலரில் நடக்கும் வரை இப்படித்தான் இருக்கும். ஓர் அரசே அந்தப் பட்டியலைப் பார்த்து நடக்கும்போது எஞ்சின் அறையில் எண்ணெய் இடும் ஓர் ஆயிலர் பார்க்காமல் இருக்க முடியாது.

அமெரிக்காவின் சிக்கல் என்னவென்றால், அது ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிரான காரியங்களைச் செய்ய விரும்புகிறது. ரஷ்யாவுக்கு எண்ணெய்ப் பணம் போய்ச் சேரக் கூடாது. அதே சமயம் ரஷ்ய எண்ணெய் சந்தையிலிருந்து மறைந்து, தன் நாட்டு பங்க்கில் பெட்ரோல் விலை ஏறவும் கூடாது. 2022 டிசம்பர் 5 அன்று ஜி7 நாடுகள் பீப்பாய்க்கு 60 டாலர் என்று விலை உச்சவரம்பு விதித்தது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தேடித்தான். அதற்கு மேல் விற்கும் எண்ணெய்க்கு மேற்கத்திய காப்பீடும் கப்பலும் கிடைக்காது என்றார்கள். விளைவாக, பழைய டேங்கர்களை வாங்கி, மேற்கத்திய காப்பீடே வேண்டாம் என்று ஓட்டும் ஒரு நிழல் கப்பல் கூட்டம் பெருத்தது. ஈரானும் வெனிசுவேலாவும் முன்பே காட்டிய வழிதான் அது. உச்சவரம்பு போதவில்லை என்று கண்ட வாஷிங்டன், கப்பல்களையே ஒவ்வொன்றாகப் பட்டியலில் சேர்க்கத் தொடங்கியது. 2025 ஜனவரி 10 அன்று ஒரே நாளில் 183 கப்பல்கள் சேர்ந்தன. அதே ஆண்டு டிசம்பரில் வெனிசுவேலா அருகே ஒரு டேங்கரை அமெரிக்கப் படைகளே இறங்கிக் கைப்பற்றின. அது கயானா நாட்டுக் கொடியைப் பொய்யாகப் பறக்கவிட்டிருந்தது. பொய்க்கொடிகளில் எனக்கு மிகவும் வேடிக்கையாகப் படுவது எஸ்வாத்தினி. அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது.

இந்தக் கப்பல்களின் உண்மையான உரிமையாளர் யார் என்பது காகித நிறுவனங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும். முகம், பெயர், பாஸ்போர்ட் எல்லாம் உள்ளவர்கள் கப்பலில் இருக்கும் பணியாளர்கள் மட்டுமே. ஆகவே வல்லரசின் கை நீளும்போது அதில் முதலில் அகப்படுகிறவர்களும் அவர்களே. 2019 ஜூலையில் ஜிப்ரால்டரில் பிடிக்கப்பட்ட கிரேஸ் 1 என்ற ஈரானிய எண்ணெய்க் கப்பல், விடுவிக்கப்பட்டபின் ஆட்ரியன் தார்யா 1 என்ற புதிய பெயரோடு கிளம்பியது. அதன் பொறுப்பை ஏற்ற கேப்டன் ஓர் இந்தியர். அமெரிக்க வெளியுறவுத் துறையில் ஈரான் விவகாரத்தைக் கவனித்த பிரையன் ஹுக் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கைப்பற்ற ஏதுவான இடத்துக்குக் கப்பலைக் கொண்டுவந்தால் பல மில்லியன் டாலர் தருவதாக அதில் இருந்தது. கேப்டன் இணங்கவில்லை, ஆகஸ்ட் 30 அன்று கப்பலோடு சேர்த்து அவர் பெயரும் தடைப் பட்டியலில் ஏறியது. மறுபக்கமும் இதே கதைதான். கிரேஸ் 1 பிடிபட்ட சில நாட்களில் ஈரான் பிடித்த ஸ்டெனா இம்பெரோ கப்பலில் 23 பேர் இருந்தார்கள். 18 பேர் இந்தியர்கள். 2024 ஏப்ரலில் பிடிபட்ட எம்.எஸ்.சி. ஏரிஸ் கப்பலில் 25 பேரில் 17 பேர் இந்தியர்கள்.

எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. 1783 ஜூன் மாதம் கடலூர்க் கோட்டையைச் சுற்றி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தரையிலும் கடலிலும் மோதிக்கொண்டபோது, ஐரோப்பாவில் அவர்களுக்குள் பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. செய்தி வந்து சேர்வதற்குள் இங்கே ஆட்கள் மடிந்தார்கள். அன்று செய்தி தாமதித்ததால் வந்த கேடு. இன்று வாஷிங்டனின் அறிவிப்பு நொடியில் வந்துவிடுகிறது, நடுக்கடலில் இருக்கும் பையனால்தான் இறங்க முடிவதில்லை.

பட்டியலில் சேர்ந்த கப்பலைப் பல துறைமுகங்கள் உள்ளே விடுவதில்லை. டாலரில் சம்பளம் அனுப்ப வங்கி மறுக்கும். கொடி நாடு பதிவை நீக்கிவிடும். உரிமையாளர் தொலைபேசியை எடுக்க மாட்டார். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே பணியாளர் கைவிடப்பட்டதாகக் கொள்ளலாம் என்றும், நான்கு மாதம் வரையிலான பாக்கியையும் ஊருக்குத் திரும்பும் செலவையும் காப்பீடு தர வேண்டும் என்றும் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. அந்தக் காப்பீட்டுச் சான்றிதழ் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். நிழல் கப்பலில் ஒட்டியிருக்கும் காகிதத்தை நம்பி என்ன பயன்?

ஆகவே ஐ.எம்.ஓ. எண்ணை எழுத்தில் வாங்குங்கள். பழைய பெயர்களையும் கொடிகளையும் பாருங்கள். இரண்டு ஆண்டுகளில் மூன்று கொடி மாறியிருந்தால், பட்டியலில் இன்னும் இல்லாவிட்டாலும் போகாதீர்கள். ஏஜென்டிடம் மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங் வழங்கிய, கப்பலுக்கு ஆள் எடுப்பதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று அத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். உரிமம் உள்ளவர் வேலை வாங்கித் தருவதற்காகப் பணியாளரிடம் பணம் வாங்கக் கூடாது; வாங்கினால் அதுவே போதுமான அடையாளம். விசிட் விசாவில் போய் வெளிநாட்டு நங்கூரத்தளத்தில் ஏறச் சொல்வதும் அப்படித்தான்.

பையன் என் எதிரிலேயே ஏஜென்டுக்கு எண் கேட்டுச் செய்தி அனுப்பினான். வந்த எண் கணக்கில் சரியாக இருந்தது. தேடினால், பல ஆண்டுகளுக்கு முன்பே உடைக்க அனுப்பப்பட்ட கப்பலின் எண். செத்த கப்பலின் எண்ணைப் போட்டுக்கொண்டு ஓடும் டேங்கர்கள் இந்தத் தொழிலில் உண்டு. எண் டேங்கரின் உள்ளே எஞ்சின் அறைச் சுவரிலோ பம்ப் அறையிலோ நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதால், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஏறிய பிறகு நீயே பார்த்துக்கொள் என்று பதில் வந்தது. தந்தை கொடுத்திருந்த முன்பணத்தில் பாதியை ஏஜென்ட் மூன்று மாதம் கழித்துத் திருப்பித் தந்தார். மீதி மெடிக்கலுக்கும் விசாவுக்கும் செலவாகிவிட்டதாம்.